லத்தீபாவின் ரத்தத்தில் ஒரு குறை

வீரலட்சுமிக்கு லத்தீபாவைக் கண்டாலே ஆகாது. ஏன் என்று கேட்டால் மூச்சு விடாமல் காரணம் சொல்வாள். நடந்தால் செருப்புச் சத்தமே கேட்பதில்லை, பூனை மாதிரி பக்கத்தில் வந்து நிற்கிறாள். யார் என்ன கேட்டாலும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள், பெரிய ஜட்ஜு என்று நினைப்பு. மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் கருவாட்டுக் குழம்பு வாடை பரிசோதனைக்கூடம் முழுக்கத் தூக்குகிறது. அந்தக் குழம்பைக் கேட்டு வாங்கி, விரலைச் சூப்பி முடித்த பிறகுதான் இந்தக் கடைசிக் குறையை வீரலட்சுமி சொல்வாள்.

உண்மைக் காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமும் சொல்லிக்கொண்டதில்லை. நாமே சொல்லிவிடலாம். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் லத்தீபாவுக்குத் தெரிந்தது. இவளுக்குத் தெரியவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் கோடை. ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை கற்றுக்கொள்ள இரண்டு பெண்களைச் சேர்த்திருந்தார்கள். இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் நிரந்தர வேலை. அது யார் என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர் கனகமணி. நாற்பது வயது, கதர்ச் சேலை, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. அதிகம் திட்டமாட்டார். ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டால் ஆஸ்பத்திரியே வாயை மூடிக்கொள்ளும்.

வீரலட்சுமி திருவாடானைப் பக்கம். வயலும் மாடும் வைக்கோல்போருமாக இருந்த வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்த முதல் பெண். பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தே பழக்கப்பட்டவள். அவளுடைய அய்யா பஸ் ஏற்றிவிடும்போதே ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "வேல உத்தரவோட வந்தா உன் இஷ்டம். இல்லாட்டி ஆவணியில தவசிக்கும் உனக்கும் கல்யாணம்." தவசி அத்தை மகன். நல்லவன்தான். ஆனால் அவள் படிக்கப் போகிறாள் என்றதும் அவன் சொன்னது ஒன்று இருக்கிறது. "ரத்தத்தப் பாத்து என்னத்தக் காணப்போறா? செவப்பாத்தான் இருக்கும்." அதை நினைக்கும்போதெல்லாம் வீரலட்சுமிக்குக் காது மடல் சுடும்.

லத்தீபா பாம்பன்காரி. அவளுடைய வாப்பா கொழும்பில் துணிக்கடை வைத்திருந்தார். இலங்கையில் இந்தியர்களுக்குப் பெர்மிட் கெடுபிடி வந்த பிறகு கடையைக் கைவிட்டு ஊர் திரும்பியவர், கருவாட்டு ஏவாரத்தில் கால் ஊன்றப் பார்த்துக்கொண்டிருந்தார். லத்தீபா டவுனில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தாள். வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லாததையும் வீரலட்சுமி ஒரு குறையாகவே எடுத்துக்கொண்டாள்.

முதல் நாளே டாக்டரம்மா ஒரு சட்டம் போட்டிருந்தார். நோயாளி ரத்தம் பக்கமே இவர்கள் போகக்கூடாது. மாதக்கணக்கில் நல்ல ரத்தத்தை மட்டும் பார்க்க வேண்டும். "நல்லது எப்படி இருக்கும்னு தெரியாதவளுக்குக் கெட்டது எப்படித் தெரியும்? ஆரோக்கியமா இருக்கிறவங்க விரலா பாத்துக் குத்துங்க" என்றார். வாட்ச்மேன் முனியசாமி, ஆயா மீனம்மாள், தோட்டக்காரர், மருந்து கலக்குகிறவர் என்று யாருடைய விரலும் மிஞ்சவில்லை. யாரும் சிக்காத நாளில் இவள் விரலை அவளும் அவள் விரலை இவளும் குத்திக்கொள்வார்கள்.

ஒரு சொட்டு ரத்தத்தைச் சிலைடில் வைத்து, இன்னொரு சிலைடின் ஓரத்தால் நாக்கு வடிவத்துக்கு இழுத்து, காயவிட்டு, சாயம் ஊற்றி, கொஞ்ச நேரம் கழித்து அதன் மேலேயே தண்ணீர் கலந்து, பிறகு கழுவிப் பார்க்க வேண்டும். சரியாக வந்தால் வெறும் கண்ணுக்கே சிலைடு லேசான ரோஜா நிறத்தில் தெரியும். லென்சுக்கு அடியில் சிவப்பணுக்கள் நடுவில் வெளிறிய வட்டமாக ஆயிரக்கணக்கில் கிடக்கும். அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை அணுக்கள், ஊதாக் கருவோடு. அந்த வெள்ளை அணுவில் எது எந்த வகை என்று பிரித்துச் சொல்வதுதான் வேலையே.

வீரலட்சுமி நிறத்தை வைத்துப் பிரித்தாள். உள்ளே ஆரஞ்சுச் சிவப்பாக மணி மணியாக இருந்தால் ஈசினோஃபில். மணிகள் கருநீலமாக இருந்தால் பேசோஃபில். இரண்டும் இல்லாமல் மங்கின தூள் மாதிரி இருந்தால் நியூட்ரோஃபில். புத்தகத்திலும் கலர்ப் படம் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் பெரிய லிம்ஃபோசைட்டும் மோனோசைட்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அவள் பாடு திண்டாட்டம். இரண்டும் நீலம், இரண்டும் பெரிசு. ஒருநாள் லத்தீபா மெதுவாகச் சொன்னாள்.

"கலர மறந்துரு லெச்சுமி. உள்ள இருக்குற கருவப் பாரு. லிம்ஃபோசைட்டுக்கு உருண்டையா, அடச்சாப்ல இருக்கும். மோனோசைட்டுக்கு ஒரு பக்கம் மடிஞ்சு, அவரக்கொட்ட மாதிரி, வலை வலையா இருக்கும்."

"எனக்குத் தெரியும். சும்மா உத்துப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் வீரலட்சுமி. அன்று முழுக்க அவள் லத்தீபாவிடம் பேசவில்லை. சொல்லிக் கொடுத்துவிட்டாளாம், மகாராணி.

வீரலட்சுமிக்கென்று ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. அணுக்களின் வேலையைக் கேட்டால் போதும், கொட்டுவாள். டாக்டரம்மா வேண்டுமென்றே தலைகீழாகக் கேட்பார். சிவப்பணுவுக்கு ஏன் கரு இல்லை? "மூச்சுல வாங்குற பிராணவாயுவ உடம்பு பூராம் சொமக்கணும்மா, உள்ள இடம் வேணும், அதனால கருவ விட்டுட்டு வந்துருது." காயம் பட்டால் முதலில் ஓடி வருவது யார்? "தட்டணு. சின்னச் சின்னத் துணுக்கா வந்து ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டு ஓட்டைய அடைக்கும். பின்னாடியே நியூட்ரோஃபில் வந்து கிருமியத் திங்கும், தின்னுட்டுச் செத்துப்போகும், அந்தச் செத்ததுதான் சீழு." மோனோசைட்? "அது நிதானமா வந்து மிச்சம் மீதியெல்லாம் கூட்டி அள்ளும்." ஈசினோஃபில்? "குடல்ல புழு இருந்தாலும், இழுப்பு மாதிரி ஒவ்வாமை இருந்தாலும் கூடும்." பேசோஃபில்? "அது நூறுல ஒண்ணு கெடைக்கிறதே அதிகம். என்ன வேலைன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாதுன்னு நீங்கதாம்மா சொன்னீங்க."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு வீரலட்சுமி ஓரக்கண்ணால் லத்தீபாவைப் பார்ப்பாள். இதே கேள்வியை லத்தீபாவிடம் கேட்டால் அவள் முழங்கையைத் தடவிக்கொண்டு, பாதி சொல்லி, பாதியை விழுங்கிவிடுவாள். அந்த ஐந்து நிமிஷம் வீரலட்சுமிக்குப் பண்டிகை.

அது நிலைக்கவிட்டால்தானே? பரீட்சைக்கு முந்திய திங்கட்கிழமை லத்தீபாவின் சிலைடைப் பார்த்த டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "இப்படி ஒரு சிலைட நான் மதராஸ்ல படிக்கிறப்பதான் பாத்தேன்" என்றார். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் மாறி மாறிக் குனிந்து பார்த்தார்கள். வீரலட்சுமியின் சிலைடு மேஜையில் ஓரமாகக் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஏதோ ஒரு வழியில் அந்த அம்மாளைத் தன் பக்கம் திருப்பாமல் விடுவதில்லை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

"வியாழக்கிழமை பரீட்சை. நடுவுல ரெண்டு நாள் சிலைடு போட வேண்டாம், உக்காந்து படிங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார்.

வழி செவ்வாய்க்கிழமை காலையில் தானாகவே வந்தது. ராமநாதபுரத்தில் கோடை வந்தால் நல்ல தண்ணீர் தங்கம். ஆஸ்பத்திரிக் கிணற்றில் தண்ணீர் கிடந்தது, ஆனால் வாயில் வைக்க முடியாது, அத்தனை உப்பு. குடிக்கவும் காபிக்கும் மாட்டு வண்டியில் பீப்பாய் கட்டிக் கொண்டுவரும் தண்ணீரைத்தான் குடத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். அன்று வண்டி வரவில்லை. மாட்டுக்கு நோவு என்றார்கள். மீனம்மாள் கிணற்றுத் தண்ணீரிலேயே காபி போட்டுவிட்டாள். பால் திரிந்து, உப்புக் கரித்தது. டாக்டரம்மா ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் வழியாகத் துப்பினார்.

"கடலக் காய்ச்சிக் கொண்டாந்தியா மீனம்மா?"

வீரலட்சுமிக்குப் பளிச்சென்று கூடத்து அலமாரி ஞாபகம் வந்தது. அதில் பெரிய கண்ணாடி ஜாடி நிறைய மழைத் தண்ணீர் இருந்தது. போன ஐப்பசி மழையில் மாடியில் வெள்ளைத் துணி கட்டிப் பிடித்தது. நோயாளிகளின் சிலைடுக்கு மதுரையிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் புட்டியில் வரும், அதை இவர்கள் தொடக்கூடாது. பழகுகிற பெண்கள் சாயத்தில் கலக்க இந்த மழைத் தண்ணீர். இதைத் தவிர வேறு எதையும் கலக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் அது தூசிக்காகச் சொன்னது என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஊரே ஒரு வாய் நல்ல தண்ணீருக்குப் பறக்கும்போது சாயத்துக்கு எதற்கு அத்தனை நல்ல தண்ணீர்? சாயம் என்ன நாக்கு வைத்துக்கொண்டா இருக்கிறது? இப்படி நினைப்பதற்கு அந்தச் சீமையில் பிறந்திருக்க வேண்டும்.

ஒரு கூஜா நிறைய மொண்டு மீனம்மாளிடம் கொடுத்தாள். குறைந்த அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரை நாலு மடிப்புத் துணியில் வடிகட்டி ஊற்றினாள். பார்க்க அதுவும் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. காபியை அவளே கொண்டுபோய் வைத்தாள்.

"யாரு போட்டது? அமிர்தமா இருக்கே!" என்றார் டாக்டரம்மா.

"நாந்தாம்மா" என்று சொல்லும்போது வீரலட்சுமிக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. அவ்வளவுதான், புதன்கிழமையும் வண்டி வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வரவில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, பக்கத்து அறை டாக்டருக்கும் ஒன்று. மழைத் தண்ணீர் இறங்க இறங்கக் கிணற்றுத் தண்ணீர் ஏறியது. பெரிய ஜாடி, புதன் வரைக்கும் காபியில் உப்பு தெரியவில்லை. புதன் சாயங்காலம் ஜாடி முதல் நாளைப் போலவே நிறைந்திருந்தது.

வியாழக்கிழமை. ஒருத்தி விரலை இன்னொருத்தி குத்தி, அடுத்தவள் ரத்தத்தில் சிலைடு போட்டு, நூறு வெள்ளை அணு பார்த்து, எது எத்தனை, ரத்தம் எப்படி என்று சொல்ல வேண்டும். இதுதான் பரீட்சை. வீரலட்சுமி லத்தீபாவின் விரலைத் தேவைக்குக் கொஞ்சம் ஆழமாகவே குத்தினாள். லத்தீபா முகம் சுளிக்கவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

சாயம் கழுவின சிலைடு ரோஜா நிறத்தில் இல்லை. நீலம் பாரித்து, சாம்பல் பூத்து இருந்தது. வீரலட்சுமி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கண்ணை வைத்தாள். வைத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிவப்பணு ஒன்றுகூடச் சிவப்பாக இல்லை. பாசி பிடித்த மாதிரி பச்சையும் சாம்பலுமாகக் கிடந்தது. வெள்ளை அணுக்களின் கரு மையைக் கொட்டின மாதிரி கறுத்திருந்தது. கொஞ்சம் நகர்த்தினாள். பெரிய பெரிய மணிகள் உள்ள ஓர் அணு. மணிகள் கருநீலம். பேசோஃபில்! இத்தனை மாதத்தில் ஒன்றைக்கூடத் தானாக அவள் கண்டதில்லை. இன்னும் நகர்த்தினால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

ஐந்தாவதைப் பார்த்ததும் முதலிலிருந்து ஒருமுறை எண்ணிக்கொண்டாள். நூறுல ஒண்ணு கெடைக்கிறதே அதிகம். ஐந்து என்றால் நோய், பெரிய நோய். சிவப்பணு வேறு இப்படிச் சீர்கெட்டுக் கிடக்கிறது. லத்தீபா ரத்தம் கெட்ட ரத்தம்! வேலையில் சேர உடம்பு சரியாக இருக்கிறது என்று சர்டிபிகேட் வேண்டும். இவளுக்கு யார் கொடுப்பார்கள்? பாவம் என்று ஒருமுறை சொல்லிக்கொண்டாள். சொன்ன வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"முடிச்சாச்சாம்மா?" என்றார் டாக்டரம்மா.

வீரலட்சுமி எழுந்து நின்று கணீரென்று சொன்னாள். "இது சரியான ரத்தம் இல்லம்மா. பேசோஃபில் மட்டும் அஞ்சு இருக்கு. ஈசினோஃபில் ஒண்ணுகூட இல்ல. சிவப்பணு நெறமே மாறிக் கெடக்கு. லத்தீபாவுக்கு உள்ளுக்குள்ள ஏதோ நோவு இருக்கு. நீங்க உடனே அவளப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

லத்தீபா ஒரு நிமிஷம் வெளிறிப்போனாள். பிறகு தன் மைக்ராஸ்கோப்பைக் காட்டி, வழக்கம்போல நிதானமாகச் சொன்னாள். "வீரலட்சுமி ரத்தத்துல ஒரு கொறையும் இல்லம்மா. நல்ல ரத்தம். தண்ணிதான் சரியில்ல. உப்புத் தண்ணி பட்டா எல்லாம் நீலத்துக்கு ஏறிரும். ஈசினோஃபில் மணிகூட நீலமாத்தான் நிக்கிது. ஆனா கரு ரெண்டு துண்டா, நடுவுல இழை கட்டி, மூக்குக் கண்ணாடி மாதிரி அப்படியே தெரியுது. பேசோஃபிலா இருந்தா மணி கருவையே மூடிரும்."

டாக்டரம்மா இரண்டு சிலைடையும் பார்த்தார். முதலில் லத்தீபாவின் ரத்தத்தை, பிறகு வீரலட்சுமியின் ரத்தத்தை. நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"வீரலட்சுமி, நீ பாத்த அஞ்சும் ஈசினோஃபில். ரெண்டு பேர் ரத்தமும் ஒரே மாதிரி நல்ல ரத்தம். அஞ்சு பேசோஃபிலு ஒரே சிலைடுலன்னு நீயே சொல்றியே, உன் புத்தியில அது இடிக்கலையா? நூத்துல ஒண்ணுன்னு எனக்கே ஒப்பிப்பியே?"

இடித்ததுதான். இடித்ததை அவள் சந்தோஷத்தில் கவனிக்கவில்லை. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"அப்படின்னா இவதாம்மா தண்ணிய மாத்தியிருக்கா! உப்புத் தண்ணின்னு இவளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? என் சிலைடக் கெடுக்கணும்னு இவதான் செஞ்சிருக்கா!"

அந்த நேரம் பார்த்து மீனம்மாள் காபியோடு வந்தாள். டாக்டரம்மா யோசனையோடு ஒரு வாய் குடித்து, முகம் சுளித்து டம்ளரை வைத்தார்.

"இது என்ன மறுபடியும் உப்பு? ரெண்டு நாளா நல்லா இருந்துச்சே?"

"இன்னைக்கும் வண்டி வரலம்மா" என்றாள் மீனம்மாள் அப்பாவியாக. "ரெண்டு நாளும் இந்தப் புள்ளதான் அலமாரிச் சாடியில இருந்து நல்ல தண்ணி மோந்து குடுத்துச்சு. இன்னைக்கு அதுல மோந்தாலும் உப்பாத்தான் இருக்கு. கெணத்துத் தண்ணிய ஊத்தி நெரப்புனா வேற எப்படி இருக்கும்?"

வீரலட்சுமிக்கு உள்ளங்கால் வரைக்கும் வேர்த்தது. டாக்டரம்மா திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"ரெண்டு பேரும் வெளிய இருங்க. கூப்பிடுறேன்" என்றார் டாக்டரம்மா.

வராந்தாவில் மருந்து வாங்க நிற்கிற கூட்டம் கலைந்துவிட்டது. வீரலட்சுமி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆவணி, தவசி, அய்யா, வைக்கோல்போர் எல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்து நின்றன. லத்தீபா பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். போகவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

"என்னத்துக்கு நிக்கிற? பாத்து ரசிக்கிறதுக்கா?" என்று சீறினாள் வீரலட்சுமி.

"நான் பாத்தேன்" என்றாள் லத்தீபா.

"என்னத்த?"

"செவ்வாய்க்கிழமையே பாத்தேன். நீ சாடியில கெணத்துத் தண்ணிய ஊத்துறப்ப கதவுக்கிட்ட நின்னேன். நீ போன பெறகு நாக்குல வச்சும் பாத்தேன். நாங்க பாம்பன்காரவுக, உப்ப நாக்கு விடாது." லத்தீபா முக்காட்டு நுனியைக் கையில் முறுக்கினாள். "சாயம் கெட்டுப்போகும்னு எனக்குத் தெரியும். நீ கலர வச்சுத்தான் பாப்பேன்னும் தெரியும். சொல்லிருக்கணும். சொல்லல."

வீரலட்சுமியின் அழுகை நின்றுவிட்டது. "ஏன் சொல்லல?"

"பொறாம."

"யாரு மேல?"

"உன் மேலதான். வேற யாரு இங்கன இருக்கா?" லத்தீபா முதல்முறையாக யோசிக்காமல் பேசினாள். "நீ கடகடன்னு சொல்லிருவ. எனக்குத் தெரிஞ்சதுகூடத் தொண்டைய விட்டு வெளிய வராது. டாக்டரம்மா உன்கிட்டக் கேக்குறப்ப சிரிச்சுக்கிட்டே கேப்பாக. என்கிட்டப் பேசுறப்ப சிலைடப் பாத்துத்தான் பேசுவாக, என் மொகத்த ஒருநாளும் பாக்க மாட்டாக. காப்பி குடிச்சிட்டு அமிர்தம்னு உன்னையச் சொன்னாக பாரு, அன்னைக்கு வீட்டுல போயிச் சோறே எறங்கல. பெரியம்மா காச்சலான்னு தொட்டுப் பாத்துச்சு."

"என்னையப் பாத்தா? நெசமாவா?"

"வல்லாஹி. அல்லா மேல சத்தியமா."

"இன்னொரு தடவ சொல்லு."

லத்தீபா சொன்னாள். வீரலட்சுமி கன்னத்துக் கண்ணீரைத் துடைக்காமலே சிரித்தாள். இத்தனை மாதம் தான் மட்டும்தான் வெந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தாள். தன்னையும் ஒருத்தி பார்த்து வெந்திருக்கிறாள் என்று கேட்கக் கேட்க, வேலை போனதுகூட அந்த நிமிஷத்துக்கு மறந்துபோயிற்று.

"நானும் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க" என்றாள். "அஞ்சாவது பேசோஃபிலப் பாத்தப்ப எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. உன் ரத்தத்துல நோவு இருக்கணும்னு ஆசப்பட்டேன். அதான் இடிச்சது தெரியல."

லத்தீபா முக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

"நான் உள்ள போயிச் சொல்லிட்டு வாரேன். தெரிஞ்சும் மறைச்சேன்னு சொல்லிருறேன். இல்லாட்டி அந்தச் சம்பளத்துல திங்கிற சோறு எனக்கு ஹராம். மறுபடியும் பரீட்ச வைக்கச் சொல்லலாம். மதுரைத் தண்ணியில போட்டா நீயும் பாத்துருவ."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நல்ல தண்ணீரில் போட்டால் நிறம் வரும். நிறம் வந்தால் வீரலட்சுமி அணுக்களைப் பிரித்துவிடுவாள். வாய்க் கேள்வியில் அவளை அடிக்க ஆள் இல்லை. வேலை கிடைத்தாலும் கிடைக்கும். அய்யா முகத்தில் உத்தரவை நீட்டலாம், தவசிக்கு ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு பாடமே நடத்தலாம். போகட்டும், சொல்லட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள்.

அப்போதுதான் அந்தக் காட்சி மனசில் வந்தது. லத்தீபா உள்ளே போய்த் தலை குனிந்து உண்மையைச் சொல்வாள். டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்து வருவார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று லத்தீபாவின் தோளில் கை வைப்பார். பக்கத்து அறை டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டுவார். நினைத்த மாத்திரத்தில் வயிற்றில் மறுபடியும் நெருப்பு விழுந்தது. அதைத் தாங்கிக்கொண்டு இந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதா? தவசிக்குக் காலமெல்லாம் கஞ்சி ஊற்றிவிட்டுப் போகலாம்.

"நில்லுடி" என்று லத்தீபாவின் கையைப் பிடித்தாள். "சிலைடு உனக்குத்தான் நல்லா வருது. வேலையும் உனக்குத்தான் கெடைக்கப் போகுது. இதுல உண்மைய ஒத்துக்கிட்ட உத்தமின்னு பேரும் உனக்கேவா? அதுக்கு நான் விடமாட்டேன்."

"லெச்சுமி, நான் சொன்னாத்தான்..."

"வாயத் திறந்தே, கொன்னுருவேன்."

கதவு திறந்தது. டாக்டரம்மா வாசலுக்கு வந்து இருவரையும் பார்த்தார். லத்தீபா தொண்டையைச் செருமினாள். வழக்கம்போல அவளுக்கு வார்த்தை வர நேரமாயிற்று. அந்த நேரத்துக்குள் வீரலட்சுமி முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"அம்மா, தண்ணிய மாத்துனது நான் மட்டுந்தாம்மா. காப்பிக்காகச் செஞ்சேன். அது உங்ககிட்ட நல்ல பேரு வாங்கணும்னு செஞ்சது. லத்தீபாவுக்கு ஒண்ணுமே தெரியாது. அவ மேல அபாண்டமாப் பழி போட்டேன். அவளுக்கு நோவு இருக்கணும்னு ஆசப்பட்டுத்தான் இல்லாத பேசோஃபிலப் பாத்தேன். வேலைய அவளுக்கே குடுங்க. அவ கண்ணு எனக்கு வராது."

சொல்ல ஆரம்பித்தது ஒரு வீம்பில்தான். கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது அது உண்மையாக இருந்தது. டாக்டரம்மா வெகு நேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கிட்டே வந்து அவள் தோளில் கையை வைத்தார்.

"இப்படி நின்னு சொல்றதுக்கு எத்தனை பேருக்கு வரும்?" என்றார்.

தோளில் அந்தக் கை கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. வீரலட்சுமி மெதுவாகத் திரும்பி லத்தீபாவைப் பார்த்தாள். வேலை கிடைத்துவிட்ட லத்தீபா கதவோரம் வாயடைத்து நின்றிருந்தாள். தான் சொல்ல வேண்டியதை இன்னொருத்தி சொல்லிவிட்டாள், தன் மனசாட்சிக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டாள், தன் தோளுக்கு வந்திருக்க வேண்டிய கை அவள் தோளில் இருக்கிறது. லத்தீபாவின் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. அது என்ன பார்வை என்று வீரலட்சுமிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று மத்தியானம் திருவாடானை பஸ்ஸில் ஏறும்போது அவளிடம் வேலை உத்தரவு இல்லை. ஆவணிக்கு அதிக நாளும் இல்லை. பஸ் கிளம்பியதும் அழுதாள், தேவிபட்டினம் தாண்டும் வரைக்கும் அழுதாள். அழுகைக்கு நடுவே லத்தீபாவின் அந்த முகம் ஞாபகம் வரும், உடனே கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.